பட்டறைப் பதில்கள்: ஆபீஸ் போகிற காரை ட்ராக் காராக்கலாமா?

போன மாதம் ரேஸ் வண்டிகளைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு பத்தி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த மாதம் மைலேஜ் கேள்விகளையும் பேட்டரிக் கேள்விகளையும் ஓரமாக வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் அவர்களுக்குத்தான் முதல் இடம்.

என்னிடம் 2016 மாடல் அபார்த் புன்ட்டோ இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் அதில்தான் ஆபீஸ் போகிறேன். 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வருடம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் இரண்டு முறை ஓட்டினேன். இரண்டாவது தடவை நாலாவது சுற்றில் பிரேக் பெடல் தரைவரை போனது, பிறகு சரியாகிவிட்டது. இதை முழு ட்ராக் காராகவே மாற்றிவிட ஆசை. ஏசி, பின் சீட், கார்ப்பெட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வண்டி புரண்டால் காக்கும் இரும்புக் கூண்டான ரோல் கேஜ் போடலாம் என்றிருக்கிறேன். ஆனால் இன்னொரு கார் வாங்கும்வரை ஆபீஸுக்கும் இதிலேயேதான் போக வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– க.வி., சென்னை

தம்பி, கடிதத்தில் முக்கியமான வரியை நடுவில் ஒளித்து வைத்துவிட்டீர்கள். பெடல் தரைக்குப் போன வண்டியை வைத்துக்கொண்டு ஏசியைக் கழற்றுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். 'பிறகு சரியாகிவிட்டது' என்கிறீர்களே, அது சரியாகவில்லை. ஆறியது, அவ்வளவுதான்.

பிரேக் ஆயிலுக்குக் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும் குணம் உண்டு. டாட் 4 ஆயில் டப்பாவைத் திறந்த புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அதே ஆயில் ஈரம் குடித்த பிறகு 155 வரை தாங்கினால் போதும் என்று தர விதியே சலுகை கொடுக்கிறது. உங்கள் வண்டி கடற்கரை ஊரில் நிற்கிறது. கடைசியாக எப்போது பிரேக் ஆயில் மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மாற்றியே இருக்க மாட்டீர்கள் என்று நான் எழுதிவிடுகிறேன். ட்ராக்கில் மூன்று சுற்று மிதித்து ஓட்டினால் டிஸ்க்கின் சூடு பேட் வழியாக, அதை அழுத்திப் பிடிக்கும் காலிபருக்குள் இறங்கி ஆயில் கொதிக்கும், குமிழி விழும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். நாலாவது சுற்றில் உங்கள் கால் அமுக்கியது அந்தக் குமிழியைத்தான். பேடுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

ஆகவே ஆரம்பம் ஒரு லிட்டர் நல்ல ஆயிலும் ஒரு சாயங்காலமும். 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸ் ஆயில் கிடைத்தால் அதையே போடுங்கள், ஆனால் அது ஈரத்தை இன்னும் வேகமாகக் குடிக்கும். ஒவ்வொரு ட்ராக் நாளுக்கு முன்னாலும் நாலு சக்கரத்தின் பிரேக்கிலும் ஏர் எடுக்க, அதாவது ஆயிலில் சிக்கிய குமிழியை வெளியேற்ற, வேண்டியிருக்கும். 'டாட் 5' என்று கடைக்காரர் எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள். அது சிலிக்கான் ஆயில், உங்கள் வண்டியில் இருப்பதோடு சேராது. 5.1 வேறு, அது சேரும். பெயர் வைத்தவனுக்கு என்ன கோபமோ.

அடுத்தது பேட். ட்ராக் பேட் சூடேறினால்தான் கடிக்கும். காலையில் குளிர்ந்த வண்டியை எடுத்து வேளச்சேரி முதல் சிக்னலில் மிதித்தால் முன்னால் நிற்கும் ஷேர் ஆட்டோவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். போதாததற்குக் கிரீச்சென்று கத்தும், டிஸ்க்கைத் தின்னும். அதனால் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி ட்ராக் பேட், ஞாயிறு ராத்திரி ஆபீஸ் பேட். பழகிவிட்டால் முன்பக்கம் இரண்டும் மாற்ற ஒரு மணி நேரம் ஆகாது. டயருக்கும் இதே ஏற்பாடுதான். பழைய அலாய் ஒரு செட் தேடிப்பிடித்து, பிடிப்பான டயரை அதில் ஏற்றி வையுங்கள். காற்றைக் கிளம்பும்போது அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஓடிவிட்டு பிட்டுக்குள், அதாவது ட்ராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடத்துக்குள், நுழைந்த உடனே, டயர் சுடச்சுட இருக்கும்போதே அளக்க வேண்டும். குளிர்ந்தபோது இருந்ததைவிட 5, 6 பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும். ஏறின பிறகு எவ்வளவு இருக்க வேண்டுமோ அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் காலையில் குறைத்து வையுங்கள்.

மூன்றாவது, முன் சக்கரத்தின் கேம்பர், அதாவது சாய்வு. உங்களுடையது முன்சக்கர இழுவை. இழுப்பதும் திரும்புவதும் பிரேக் சுமையில் பெரும்பங்கைத் தாங்குவதும் அந்த இரண்டு டயர்தான். ஸ்டாண்டர்ட் அலைன்மென்ட்டில் ஓட்டியிருந்தால் முன் டயரின் வெளி ஓரம் அரம் வைத்துத் தேய்த்ததுபோல இருக்கும், போய்ப் பாருங்கள். சக்கரத்தின் தலையை உள்ளே சாய்த்தால் அது தீரும். ரொம்பச் சாய்த்தால் ஓ.எம்.ஆரில் போகப்போக உள் ஓரம் தேயும். ஒன்றரை டிகிரியில் நிறுத்துங்கள். இரண்டரை, மூன்று எல்லாம் வண்டி சாலையை விட்டு இறங்கிய பிறகு.

இதுவரை சொன்ன எதற்கும் ரம்பமோ வெல்டிங்கோ தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழையபடி மாற்றிவிடலாம். ஒரு வருடம் இப்படியே ஓட்டுங்கள். ஏசி இருக்கட்டும். மே மாதம் ஏசி இல்லாமல் சிறுசேரி போய்ப் பாருங்கள், ரேஸ் ஆசையே ஆவியாகிவிடும். அதோடு மழையில் கண்ணாடியில் பனி படிந்தால் துடைப்பது ஏசிதான்.

இப்போது கேஜுக்கு வருகிறேன். இங்கே என் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2009-இல் என்னிடம் ஒரு ஹோண்டா சிட்டி விடெக் இருந்தது, 2001 மாடல். பட்டறைக்குப் போக, காய்கறி வாங்க, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட எல்லாவற்றுக்கும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயமுத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ரேஸ் ட்ராக்குக்கும் அதுதான். நானும் உங்களை மாதிரியே 'இன்னொரு வண்டி வாங்கும்வரை' என்று சொல்லிக்கொண்டு, முன் சீட்டுக்குப் பின்னால் மட்டும் அரைக் கூண்டு கட்டினேன். வெல்டிங் என் கையாலேயே. கம்பிக்குக் கறுப்பு நுரை சுற்றினேன். பின் சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள், வீட்டுக்காரியைத் தவிர. 'இது வண்டியா, கோழிக் கூண்டா?' என்றாள்.

ஐப்பசி மாதம், சாயங்கால மழை. சிங்காநல்லூர்ப் பக்கம் வெள்ளைக் கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை, தண்ணீருக்கு அடியில் கிடந்தது. இருபது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. பின் சீட்டிலிருந்து முன்னால் எட்டி, பள்ளிக்கூடத்தில் நடந்த எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள் மகள். வண்டி ஒரு துள்ளு துள்ளியது. பேச்சு பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தால் நெற்றியில் கை வைத்திருக்கிறாள், விரலிடுக்கில் ரத்தம். நாலு தையல். அந்த நுரையைப் பிறகு கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். அமுங்கவே இல்லை. அது ஹெல்மெட் போட்ட தலைக்காகச் செய்த நுரை, இறுக்கமாகத்தான் இருக்கும். வெறும் தலைக்கு அதுவும் இரும்பும் ஒன்றுதான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் மகளை உட்காரவைத்தேன்.

மறுநாள் அவள் அம்மாவோடு ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போனாள். நான் கூண்டைக் கழற்றவில்லை, நம்பர் பிளேட்டைக் கழற்றினேன்.

அதனால் என் கணக்கு இதுதான் தம்பி: கேஜ் ஏறுகிற நாள்தான் வண்டி சாலையை விட்டு இறங்குகிற நாள். அதற்கு முந்தின நாள்வரை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். அந்த நாளுக்குப் பிறகு 'ஆபீஸுக்கு மட்டும் எடுத்துக்கிறேன்' என்ற பேச்சே கூடாது. நாலு முனை, ஆறு முனை ரேஸ் பெல்ட்டும் அப்படித்தான். கேஜ் இல்லாத வண்டியில் அதைக் கட்டிக்கொண்டு புரண்டால் கூரை நசுங்கும்போது உடம்பு சாய இடமில்லாமல் நட்டக்குத்தலாக நிற்கும். உடம்பைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் பக்கெட் சீட் போட்டாலும் கேஜ் வரும்வரை கம்பெனி பெல்ட்டையே போடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, வண்டியைத் தயாரித்தவர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறிப்போகிற மாதிரி மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. இன்ஷூரன்ஸ் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்றொரு பத்தி இருக்கும், ஒருவரும் படிப்பதில்லை. ரேஸ், வேகச் சோதனை இரண்டும் அதில் விலக்கப்பட்டிருக்கும். ட்ராக்கில் சுவரைத் தொட்டால் கைக்காசுதான். அதை மறைத்து 'ரோட்டில் இடித்தேன்' என்று கிளெய்ம் எழுதச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்த ஆள் இல்லை. முழுசாக மாற்றி முடித்துவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். அப்புறம் ட்ராக்குக்கு ஃபிளாட்பெட் லாரியில்தான் போக வேண்டும். வேளச்சேரியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை பக்கம்தான். கோயமுத்தூரிலிருந்து வருகிற எங்களுக்கு ஐந்நூறு கிலோமீட்டர்.

எடை குறைப்பதைப் பற்றி எல்லாருக்கும் ஆசை. சிட்டியைப் பிரித்தபோது ஒவ்வொன்றையும் ஆவாரம்பாளையத்தில் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்து எழுதி வைத்தேன். பின் சீட்டும் அதன் முதுகும் 19 கிலோ. ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் சேர்த்து 16. ஏசி அயிட்டங்கள் 17. கார்ப்பெட், கூரைத் துணி, கதவுத் தட்டு, ஸ்பீக்கர் எல்லாம் 22. முன் சீட் இரண்டுக்குப் பதில் ஒரே பக்கெட், அதில் 24 மிச்சம். தரையில் ஒட்டியிருக்கும் சத்தம் தடுக்கும் தார்ப்பட்டை மட்டும் பாடாய்ப் படுத்தியது. உளியால் சுரண்டினால் ஜவ்வு மாதிரி வரும். கல்யாண மேடையில் புகை விட ட்ரை ஐஸ் வாங்குவார்களே, அதில் அஞ்சு கிலோ வாங்கித் தரையில் பரப்பிப் பத்து நிமிஷம் விட்டேன். தார் உறைந்து கண்ணாடியாகிவிட்டது. மரச் சுத்தியலால் தட்டினால் பொரிவிளங்காய் மாதிரி உடைந்து வந்தது. எட்டு கிலோ. ஜன்னல் கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், அந்தப் புகை மூச்சடைக்கும். கையுறையும் முக்கியம், என் சுண்டுவிரலில் கொப்புளம் வந்தது. ஆக மொத்தம் 106 கிலோ கழன்றது. பிறகு முழுக் கூண்டு கட்டினேன், 41 கிலோ திரும்ப ஏறியது. நிகர லாபம் 65 கிலோ. நான் இன்னும் கொஞ்சம் சோறு குறைத்திருந்தால் 70 ஆகியிருக்கும்.

கூண்டுக்குக் குழாய் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேட் செய்கிற, வெல்டிங் தையல் போட்ட ஈ.ஆர்.டபிள்யூ. பைப்பை வளைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி கேட்பது தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த எஃகுக் குழாய். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 கனம், அல்லது 50-க்கு 2. மற்ற குழாய்கள் 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. வளைத்த இடத்தில் குழாய் சப்பையாகியிருக்கிறதா என்று வெர்னியர் வைத்துப் பாருங்கள். பார்க்க விடமாட்டேன் என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அபார்த் புன்ட்டோவையே வெட்ட வேண்டுமா? 145 குதிரைசக்தி, ஹைட்ராலிக் ஸ்டீயரிங், நாலு சக்கரத்திலும் டிஸ்க். 2015 அக்டோபரில் பத்து லட்சத்துக்கு உள்ளே அப்படி ஒரு வண்டி வந்தது, இனி வராது. ஃபியட்டும் நம் ஊரில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. ட்ராக்கில் ஒரு முறை சரளைக்குள் போய் வந்தாலே முன் பம்பர், ரேடியேட்டர், லோயர் ஆர்ம் என்று தேட வேண்டியிருக்கும். பழைய எஸ்டீம் அல்லது சிட்டி, ஏற்கெனவே யாரோ கூண்டு கட்டி ஓட்டி அலுத்தது, ட்ராக் பக்கம் விசாரித்தால் விலைக்கு வரும். கட்டுகிற செலவில் பாதிக்குக் கட்டின வண்டியே கிடைக்கும். ரேஸ் வண்டியை விற்பவனுக்கு அவன் போட்ட காசு ஒருநாளும் திரும்பி வராது, அது உங்களுக்கு லாபம். புன்ட்டோவில் ஆபீஸ் போங்கள்.

கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

நல்ல விலை கொடுத்து வாங்கிய ஐ.எஸ்.ஐ. பைக் ஹெல்மெட் இருக்கிறது. கார் ட்ராக்குக்கு அது போதாதா?
– மு.ச., திருப்பூர்

ட்ராக் நாள் நடத்துபவர் சம்மதித்தால் முதல் நாளுக்கு ஓட்டலாம். கூண்டு கட்டின வண்டிக்குப் போதாது. பைக்கில் விழுந்தால் வண்டியை விட்டுத் தூரம் போய்விடுவீர்கள், காரில் உள்ளேயே கிடப்பீர்கள். அதனால் கார் ஹெல்மெட்டின் உள்துணி நெருப்பில் பற்றாததாக இருக்கும். கூண்டுக் கம்பியில் மண்டை மறுபடி மறுபடி மோதுவதற்கும் தனிச் சோதனை உண்டு. உள்ளே ஸ்னெல் எஸ்.ஏ.2020 அல்லது எஃப்.ஐ.ஏ. 8859 என்ற தரச்சான்று ஒட்டு இருக்கிறதா பாருங்கள். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் மாட்டும் ஆணி அதில் பொருத்த முடிய வேண்டும். ஓ.எல்.எக்ஸ்-இல் பழையது வாங்காதீர்கள். எத்தனை முறை கீழே விழுந்தது என்று ஹெல்மெட் சொல்லாது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். துணிக்கூரை மாஸ்டா எம்.எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். வருடத்தில் மூன்று, நாலு முறை மலேசியாவின் செப்பாங் ட்ராக்குக்குப் போகிறேன். இதை ட்ராக்குக்கென்றே ஒதுக்கிவிடலாமா என்று யோசனை.
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

உங்கள் வண்டி இந்த வேலைக்கென்றே பிறந்தது. ஒரு டன் அளவுதான் எடை, பின்சக்கர இழுவை, பிரேக்கும் டயரும் மற்ற வண்டிகளைவிட நிறைய நாள் வரும். பொறாமையாக இருக்கிறது.

ஆனால் உங்கள் ஊரில் வண்டியின் விலையில் பெரிய பங்கு இரும்புக்கு இல்லை, குறிப்பிட்ட காலத்துக்கு வண்டி வைத்துக்கொள்ள அரசாங்கம் தரும் சி.ஓ.இ. காகிதத்துக்கு. அது ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டியைச் சாலையிலிருந்து இறக்கினால், ஓட்டாத ஒவ்வொரு நாளுக்கும் காசு எரியும். அந்தக் காகிதக் காலம் முடிகிறவரை ஒதுக்காதீர்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போய், ட்ராக்கில் ஓட்டி, அதே வண்டியில் திரும்பி வரவேண்டிய ஆள் நீங்கள். அதனால் பேட் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்தப் பழகுங்கள். செப்பாங் சுற்று 5.543 கிலோமீட்டர், நீண்ட நேர்ப்பாதை இரண்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் பலமாக மிதிக்க வேண்டும். மத்தியான மழையும் அங்கே சொல்லிவைத்தாற்போல வரும்.

செய்ய வேண்டிய ஒரே பெரிய வேலை கூரைக்கு. துணிக்கூரை புரண்டால் ஒன்றும் தாங்காது. போல்ட் போட்டு மாட்டும் ரோல் பார் வாங்குங்கள், உங்கள் ஊர் விதி அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. வாங்கும் முன் ஒரு சோதனை. ஹெல்மெட்டோடு சீட்டில் உட்காருங்கள். ஒரு ஒட்டடைக் கம்பை எடுத்து ஒரு முனையை முன் கண்ணாடிச் சட்டத்தின் மேலும், மறுமுனையை ரோல் பாரின் மேலும் வைக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட் கம்பைத் தொடக் கூடாது. தொட்டால் சீட்டை இறக்க வேண்டும், அல்லது உயரமான பார் வேண்டும். ஆறடி ஆள் என்றால் இரண்டும் வேண்டியிருக்கும்.

உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்டும்போது முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது உங்கள் அரசாங்கச் சட்டம். ட்ராக்கில் கால் டேங்குக்குக் கீழே இறங்காதீர்கள் என்பது என் சட்டம். வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றைக் குடித்தால் இன்ஜின் விக்கும்.

என்னிடம் இருப்பது சாதாரண பலேனோ. ட்ராக்கில் ஒரு நாளாவது ஓட்டிப் பார்க்க ஆசை. ஸ்போர்ட்ஸ் கார் இல்லாமல் போனால் சிரிப்பார்களா? என்ன மாற்ற வேண்டும்?
– தே.ரா., சேலம்

சிரிப்பவனை இரண்டாவது செஷனில் தேடுங்கள் அம்மணி, பெரும்பாலும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு புகையைப் பார்த்துக்கொண்டிருப்பான். மாருதி 800 இன்ஜினை வைத்துத்தான் எங்கள் ஊர் எஸ். கரிவர்தன் ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் வண்டியைக் கட்டினார். நாட்டில் எத்தனையோ பேர் அதில் ஓட்டித்தான் ரேஸ் கற்றார்கள். செட்டிபாளையம் ட்ராக்குக்கு அவர் பெயர்தான். 1980-களில் சென்னைக்குப் பக்கம் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்தபோது நான் ஸ்பேனர் தூக்கிப் போயிருக்கிறேன். வீட்டிலிருந்து ஓட்டி வந்து, ஹெட்லைட்டில் டேப் ஒட்டி, ரேஸ் முடிந்ததும் டேப்பைப் பிய்த்துவிட்டு அதே வண்டியில் வீட்டுக்குப் போன ஆட்களை அங்கே பார்த்தேன்.

நீங்கள் மாற்ற வேண்டியது பிரேக் ஆயில் மட்டும். இன்ஜின் ஆயில் அளவு மேல் கோட்டில் இருக்கட்டும். பேட் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். சக்கர நட்டை இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கி, முதல் செஷன் முடிந்து ஆறியதும் மறுபடி பாருங்கள். பிறகு வண்டிக்குள் ஆடுகிற அத்தனையும் வெளியே: கால் மிதியடி, தண்ணீர் பாட்டில், குடை, பின்னால் உருளும் தேங்காய் மூட்டை, கண்ணாடியில் தொங்கும் மாலை. டேஷ்போர்டுப் பிள்ளையாரையும் எடுத்துப் பையில் வையுங்கள். ஒட்டியிருக்கிறார் என்று நம்பாதீர்கள். ஒரு தடவை ஒருவர் வண்டியில் பிள்ளையார் பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டார். அதிர்ஷ்டவசமாக பிட்டுக்குள் வந்த பிறகு.

ஓட்டும்போது முதல் மூன்று சுற்று ஊர் சுற்றுகிற மாதிரிதான். டயரும் பிரேக்கும் உங்கள் கண்ணும் சூடாகட்டும். பிரேக்கை நேராகப் போகும்போதே மிதித்து முடித்துவிட்டுத் திரும்புங்கள். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சடாரென்று விடாதீர்கள், முன்சக்கர வண்டி பின்புறத்தை வீசும். கொடி காட்டுபவர் எங்கே நிற்கிறார் என்று ஒவ்வொரு வளைவிலும் மனப்பாடம் செய்யுங்கள். கடைசிச் சுற்றை பிரேக்கே தொடாமல் மெதுவாக ஓட்டி வண்டியை ஆறவிட்டு உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் கை தானாக ஹேண்ட்பிரேக்குக்குப் போகும், போட வேண்டாம். கொதிக்கிற டிரம்மில் பிரேக் ஷூவும் டிஸ்க்கில் பேடும் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, டயருக்கு ஒரு கட்டை கொடுங்கள்.

அன்றைக்குப் பெட்ரோல் லிட்டருக்கு நாலு, அஞ்சு கிலோமீட்டர்தான் கொடுக்கும். வீட்டில் சொல்ல வேண்டாம்.

ட்ராக் காருக்கு, இன்ஜின் சக்தியைக் கூட்டும் நைட்ரஸ் வாயு போடலாமா?
– ஜி.கே., மதுரை

முதலில் பிரேக் ஆயில் மாற்றினீர்களா?

என் மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. என் ஸ்விஃப்ட்டை ரேஸ் வண்டியாக்குகிறேன் என்று ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டி இறக்கப் போகிறானாம். நண்பன் பட்டறையில் இலவசமாகச் செய்வார்களாம். தடுப்பதா, விடுவதா?
– ப.அ., பொள்ளாச்சி

தடுங்கள். ஆசையைத் தடுக்க வேண்டாம், வெட்டுகிற கட்டிங் வீலைத் தடுங்கள்.

ஸ்பிரிங்கின் நுனி அதன் தட்டில் உட்காரும்படி கம்பெனி சுருட்டி வைத்திருக்கும். வெட்டினால் அந்த நுனி போய்விடும். பள்ளத்தில் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தட்டை விட்டு நழுவி, கோணலாக வந்து உட்காரும். உயரம் குறைந்த அளவுக்கு ஷாக் அப்சார்பரின் ஓட்டமும் குறையும், அது அடித்தட்டில் இடித்து இடித்து எண்ணெய் கக்கும். கேஸ் வெல்டிங்கில் சூடுகாட்டி இறக்குவது இன்னும் மோசம், ஸ்பிரிங்கின் பதமே போய்விடும். தாழ்ந்த வண்டி வேகமாகத் திரும்பும் என்பது உண்மைதான், அதற்கென்று அளந்து செய்த ஸ்பிரிங்கும் ஷாக்கும் இருந்தால். பொள்ளாச்சி ரோட்டில் இலவசமாக இறக்கிய வண்டி, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைத்தான் இறக்கும்.

பையனை ஒரு சனிக்கிழமை என் பட்டறைக்கு அனுப்புங்கள். பழைய சிட்டி இன்னும் மூலையில் நிற்கிறது, அதன் நாலு சக்கரத்துக்கும் ஏர் எடுக்க ஒரு கை தேவைப்படுகிறது. பெடலை மிதித்துப் பிடிக்க ஆள் இல்லாமல் நான் மகளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு இப்போது வேலை இருக்கிறது, வர மாட்டேன் என்கிறாள். ஸ்விஃப்ட்டில் வரட்டும், ஸ்பிரிங் முழுசாக இருக்கட்டும்.